தற்காப்பும் துப்பாக்கியும்: வெண்மணி தரும் பாடம்



தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவிப்பு நம் மயிலாடுதுறையிலும் வருவதுண்டு. நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி அதைக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்த வேளையில் ஆலயத்தின்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரு குழந்தைகள் இறந்தார்கள். அச்செய்தியைக் கேட்டபோது நம் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. தன்னையும் தன் குடும்பத்தையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வைத்திருப்பது ஒருவரின் உரிமையா?

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாகக் கூறுகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அரசு தரும் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு உரிமம் உள்ளவரும் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது.

ஆனால் தற்காப்பு எல்லாருக்கும் உரியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதை ஏற்கிறது. அதற்கு எல்லையும் வகுக்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை எழுவதில்லை.

திருச்சபையின் போதனை

நம் மறைக்கல்வி ஏடும் (2263-2265) இதையே சொல்கிறது. தன் உயிரைக் காத்துக்கொள்வது பாவம் அன்று; பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்கு அது கடமையும்கூட. ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்முறை முறையற்றது என்று புனித தோமா அக்குவினாவின் வழியில் அது கற்பிக்கிறது.

இறுதி இராவுணவின்போது சீடர்கள் தங்களிடம் இரண்டு வாள்கள் இருப்பதாகக் காட்டினார்கள் (லூக்கா 22:38). அதே இரவில் ஒரு வாள் உருவப்பட்டு, தலைமைக் குருவின் பணியாளர் ஒருவரின் காது துண்டானது. ஆண்டவர் தம்மைக் காக்க வந்த வாளைத் தடுத்தார். தம்மைப் பிடிக்க வந்தவரின் காதைத் தொட்டுக் குணமாக்கினார்.

நம் மண்ணின் காயம்

அப்படியானால் துப்பாக்கி யாரைக் காக்கிறது? இதற்கு விடை தேட நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மயிலாடுதுறையும் நாகப்பட்டினமும் ஒன்றாக இருந்த பழைய தஞ்சை மாவட்டத்திலேயே விடை இருக்கிறது.

1968 டிசம்பர் 25. நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்த நாளின் இரவு. கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர்கள் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு வந்தார்கள். நிலக்கிழார்கள் தங்கள் நலனைக் காக்க நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்திருந்தார்கள். அன்று மோதலில் நிலக்கிழார் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டார். இரவில் துப்பாக்கிகளோடும் பிற ஆயுதங்களோடும் ஒரு கூட்டம் சேரிக்குள் புகுந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் வெந்து மடிந்தார்கள்.

1970இல் கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை வழங்கியது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வழக்கில் முதன்மையாகக் குற்றம்சாட்டப்பட்டிருந்தவர் 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். வாளை எடுப்போர் வாளாலே அழிவர் என்று ஆண்டவர் எச்சரித்தது (மத்தேயு 26:52) நம் வயல்வெளியிலும் நடந்தது.

நிலமும் பணமும் செல்வாக்கும் உள்ளவர் கைக்குத்தான் துப்பாக்கி முதலில் போய்ச் சேருகிறது. அஞ்சி வாழ்பவருக்கு அது கிடைப்பதில்லை. எல்லாருக்கும் உரிமை என்று சொல்லித் திறக்கும் கதவு, பலமுள்ளவருக்கே அகலமாகத் திறக்கிறது. அன்று குடிசைக்குள் இருந்தவர்களுக்கும் தற்காப்பு உரிமை இருந்தது. ஆனால் அவர்களைக் காக்க யாரும் வரவில்லை.

மெய்யான காவல்

நம் ஊர் வேறொரு வழியையும் கண்டிருக்கிறது. பண்ணையாட்களின் கூலி பற்றி 1948இல் ஏற்பட்ட உடன்பாடு 'மாயூரம் ஒப்பந்தம்' என்றே பெயர் பெற்றது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பின், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் இப்பகுதியில் தங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்களுக்கு நிலம் கிடைக்க அமைதி வழியில் உழைத்தார்கள். கூலியும் நிலமும் சட்டமும் தந்த பாதுகாப்பைத் துப்பாக்கி தரவில்லை.

ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்பதும், காவல்துறையை நாடுவதும், தடுத்து நிற்பதும் கோழைத்தனம் அல்ல. அவை நம் உரிமை, நம் கடமை. ஆனால் பயத்தினால் ஆயுதம் தேடும் முன் நம்மையே கேட்போம். நான் யாருக்கு அஞ்சுகிறேன்? அவருக்குரிய நியாயமான பங்கை நான் கொடுத்துவிட்டேனா? என் தெருவில் பாதுகாப்பின்றி இருப்பவருக்காக நான் கதவைத் திறப்பேனா?

இந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் குடிலின் முன் மண்டியிடும்போது, வெண்மணிக் குடிசையில் மடிந்த 44 பேரையும் நினைத்துச் செபிப்போம். குடிலில் பிறந்த ஆண்டவர் நம் கைகளையும் இதயங்களையும் ஆயுதமற்றவை ஆக்குவாராக. ஆமென்.