வெள்ளம் வடிந்த பின் உதிரும் செங்கற்கள்

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கிற்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அயுத்தயா. இராமாயண அயோத்தியின் பெயரைத் தாங்கிய இந்நகர் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில், சாவோ பிரயா, லோப்புரி, பாசக் என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் எழுந்தது. ஆறுகளே அதற்கு அகழி. ஆறுகளே வணிகப் பாதை. 1767-இல் பர்மியப் படை நகரைத் தீக்கிரையாக்கியது. எஞ்சிய செங்கற் கோயில்களில் பல 1991-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

1630-இல் பிரசாத் தோங் மன்னர் கட்டத் தொடங்கிய வாட் சைவத்தனாராம் அயுத்தயாவின் செங்கற் கோயில்களுள் ஒன்று. ('வாட்' என்றால் பௌத்த ஆலயம்.) சாவோ பிரயாவின் கரையிலேயே, சுமார் 35 மீட்டர் உயரமுள்ள நடுக் கோபுரத்துடன் நிற்கிறது. 2011-இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் இதன் வளாகம் முழுவதும் நீரில் மூழ்கியது. பின்னர் நீர் வடிந்தது. கோயில் தப்பியது என்றுதானே நினைப்போம்? செங்கல்லைப் பொறுத்தவரை உண்மையான தொல்லை அப்போதுதான் தொடங்குகிறது!

செங்கல்லினுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் தானே மேலேறுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். குழாயின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் சுமார் 15 மில்லிமீட்டர். ஆரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் ஏற்றம் நூறு மடங்காகி ஏறத்தாழ 1½ மீட்டரை எட்டும். சுவரில் ஓதம் ஏறுவது இப்படித்தான். ஏறும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஓதம் நின்றுவிடும்.

நீர் தனியே வருவதில்லை. மண்ணிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? ஒரு தட்டில் உப்புநீர் ஊற்றி, பழைய செங்கல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திச் சில நாட்கள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஏறி நிற்கும் எல்லையை ஒட்டி வெள்ளை உப்புப் பூக்கும். நம் வீட்டுச் சுவர்களில் காண்பதும் இதுவே.

வெளியே பூக்கும் உப்பினால் பெருங்கேடில்லை. உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். உள்ளே படிவதுதான் பொல்லாதது. கடும் வெயிலும் காற்றும் பட்டுச் சுவர் விரைந்து உலரும்போது, உள்ளிருந்து நீர் வந்து சேர்வதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிடுகிறது. ஆவியாதல் செங்கல்லின் உட்புறத்திலேயே நிகழ்கிறது. அங்கே வளரும் படிகங்கள் துளைச் சுவர்களை நெருக்கி உடைக்கின்றன. மெல்ல உலர்ந்தால் உப்பு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆகவே நனைந்த பழஞ்சுவரை அவசரப்பட்டு உலர்த்துவது நன்மையைவிடத் தீமையையே செய்யும்.

சோடியம் சல்ஃபேட் இருந்துவிட்டால் இன்னும் மோசம். நீரற்ற அந்த உப்பு பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இந்த மாற்றத்தின் வெப்பநிலை சுமார் 32 டிகிரி செல்சியஸ். அயுத்தயாவில் பகலில் வெப்பம் இதைத் தாண்டுவதும் இரவில் கீழிறங்குவதும் சாதாரணம்!

முற்காலக் கொத்தர்கள் இக்கோயில்களைச் செங்கல் தெரிய விடவில்லை. சுண்ணாம்புக் காரை பூசி மூடினார்கள். உப்பு காரையில் சேரும், காரை உதிரும், புதிதாகப் பூசினால் போதும், செங்கல் பிழைக்கும். இன்று காரையில் பெரும்பகுதி போய்விட்டது. சென்ற நூற்றாண்டில் பழுதுபார்க்கப் பயன்பட்ட சிமெண்டோ ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தன் பங்குக்கு உப்பையும் தரும். ஈரம் பக்கத்துப் பழஞ்செங்கல் வழியே வெளியேற, அது முதலில் பொரிந்து உதிர்கிறது. மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசுவதே அறிவியலுக்கு ஒத்த வழி. ஆனால் பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் அந்தச் செந்நிறம் மறைந்துவிடுமே என்று தயங்குவோரும் உண்டு. எனக்கென்னவோ நிறத்தைவிடச் செங்கல்தான் பெரிதாகப் படுகிறது.

இப்போது வெள்ளக் காலங்களில் வாட் சைவத்தனாராமின் ஆற்றோரத்தில் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். ஆறு உள்ளே புகுவதை அது தடுக்கும். அடித்தளத்தின் கீழுள்ள மண் வழியே கசிந்து, நுண்துளைகளில் ஏறும் நீருக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டல்ல.