துறைமுகக் கட்டுப்பாடும் அதன் எல்லையும்

சட்டவிரோதமாக மீன்பிடிக்கும் கப்பல்களை ஆழ்கடலில் துரத்திப் பிடிப்பது பெருஞ்செலவும் சிரமமும் மிக்க காரியமாகும். ஆயினும், மீனை இறக்கவும் எரிபொருள் பெறவும் அவை ஏதேனுமொரு துறைமுகத்தை நாடியே ஆகவேண்டும். ஐ.நா. உணவு, விவசாய ஸ்தாபனம் 2009 இல் அங்கீகரித்து, 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த துறைமுக அரசுகளின் நடவடிக்கைகள் தொடர்பான உடன்படிக்கையின் அடிப்படை இதுவேயாகும். இலங்கை 2011 இலேயே அதில் இணைந்துகொண்டது.

இதன்படி வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் முன்னறிவித்தல் கொடுத்து, இதற்கெனக் குறித்தொதுக்கப்பட்ட துறைமுகங்களுக்கு மாத்திரமே வரமுடியும். சட்டவிரோத மீன்பிடிக்குப் போதிய ஆதாரம் இருப்பின் அனுமதி மறுக்கப்படும். அல்லது பரிசோதனைக்காக மாத்திரம் உள்ளே விடப்பட்டு, மீன் இறக்குவதும் எரிபொருள் நிரப்புவதும் தடுக்கப்படும்.

கண்காணிப்புத் தளர்ந்தால் நேர்வதை நாம் அறிவோம். எமது நாட்டுக் கலங்கள் மீதான கட்டுப்பாடு போதாதெனக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் விதித்த இறக்குமதித் தடை, 2016 இல் நீங்கும் வரை, குற்றமிழைக்காத மீனவரையும் வருத்தியது.

எனினும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவரின் வலைகளை அறுத்துச் செல்லும் இந்திய இழுவைப் படகுகளுக்கு எமது துறைமுகம் தேவையில்லை. அவை மீள்வது எதிர்க்கரைக்கே. அங்கு கடற்கண்காணிப்பும் இருநாட்டுப் பேச்சுவார்த்தையுமே வழியாகும். துறைமுகக் கட்டுப்பாட்டைக் காட்டி அரசாங்கம் அப்பொறுப்பைத் தட்டிக்கழித்தல் ஆகாது.