இறங்கிய துறை சொல்லும் வரலாறு

அந்தமான் நிக்கோபாரில் குட்வில் எஸ்டேட் போன்றதோர் ஊரில் வாழும் தமிழ்க் குடும்பத்திடம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், 'மெயின்லேண்டிலிருந்து' என்பதோடு பதில் நின்றுவிடலாம். அதற்கு மேல் தேடுவது வீண், ஏழைகளைப் பற்றி யார் எழுதிவைத்தார்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு. சொந்த ஊரிலேயே நிலமில்லாமல் உழைத்து மடிந்தவரைவிட, கைதியாகவோ தோட்டத் தொழிலாளியாகவோ கடல் கடந்தவரைப் பற்றித்தான் அரசாங்கம் அதிகம் எழுதியது. அவர்களை எண்ணி, சோதித்து, கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் எச்சமான காகிதங்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அமெரிக்க நாட்டுப்புறத்தில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகளின் வழித்தோன்றல்கள் இப்படிப்பட்ட காகிதங்களைத்தான் துரத்துகிறார்கள். 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் துறைமுகப் பயணிப் பட்டியல் கடைசியாக வசித்த ஊரைச் சொல்கிறது. அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டப்படி மனு போட்டவரின் கோப்பில் குடியுரிமைச் சான்று கிடைக்கிறது. 72 ஆண்டுகள் கழித்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்களும் திறக்கப்படுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை யாரும் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். ஜெர்மானியக் குடும்பத்தின் பெயர் தலைமுறை தாண்டி வரும். நமக்கோ தகப்பன் பெயரே தலைப்பெழுத்து. மகன் காலத்தில் அது மாறிவிடும். ராமசாமி மகன் முத்துசாமி என்று தேடப் போனால் நூறு பேர் வந்து நிற்பார்கள். ஆகவே தமிழ்க் குடும்பம் பெயரைவிடப் பாதையைத் துரத்துவதே மேல்.

நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களை 1970களில் அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களை இப்படிப் பங்கு போட்டதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஆனால் அந்தப் பங்கீட்டுக்காகவே ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது; இந்தியக் கடவுச்சீட்டும், மறுவாழ்வு உதவிக்கான குடும்ப அட்டையும் வாங்க வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அந்தப் பழைய அட்டைதான் தேடலின் முதல் படி.

அட்டைக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), எந்தக் கங்காணி என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் உறவு பார்த்தே ஆள் சேர்த்தார். எனவே அதே கங்காணியின் ஆட்களாகப் போன மற்றக் குடும்பங்கள் சொல்லும் ஊர், நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். போன காலத்தை அறியப் பயணப் பாதையே போதும். மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைக்கு நடந்த கதை வீட்டில் இருந்தால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினோம் என்றால், அந்தப் படகுச் சேவை தொடங்கிய 1914க்குப் பிறகு. திரும்பி வந்தபோது இறங்கிய துறை ராமேஸ்வரம் என்றால், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு. பாட்டிக்கு வருடம் நினைவில்லாமல் போகலாம். கப்பலிலிருந்து இறங்கிய இடம் மறக்காது.

காகிதங்களே பொய் சொல்லுமே என்று கேட்கலாம். சொல்லும். வயது குத்துமதிப்பு, பெயர் எழுத்தரின் காதில் விழுந்தபடி, சாதி அதிகாரியின் வசதிப்படி. ஒரே காகிதத்தை நம்பினால் ஏமாறுவோம். குடும்ப அட்டை, தோட்டத்துச் செக்ரோல் (வருகைப் பதிவேடு), பாட்டியின் பேச்சு மூன்றையும் எதிரெதிரே வைத்தால் பிழை தானே வெளியே தெரியும். அழிந்த ஆவணங்களைப் பற்றிய கவலையும் நியாயமானது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் போர்ட் பிளேர் ஆவணங்கள் பெருமளவு போயின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கச்சால் மனிதர்களையே பறிகொடுத்தது. ஆனால் 1858இல் அந்தமானில் தொடங்கிய கைதிக் குடியிருப்பைப் பற்றி அதிகாரிகள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. கைதிக்குத் தண்டனை தந்த நீதிமன்றமோ அவரவர் மாவட்டத்தில் இருந்தது. ஓரிடத்தில் எரிந்த செய்தி இன்னோரிடத்தில் கிடைக்கலாம்.

கைதியின் வாரிசு என்றோ இன்ன சாதி என்றோ தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற தயக்கம் இவற்றைவிடக் கனமானது. அதை மதிக்கத்தான் வேண்டும். கண்டதை ஊரறியச் சொல்ல யாரும் கடமைப்பட்டவரல்ல. ஆனால் தீவுகளில் 1942க்கு முன் குடியேறிய குடும்பமா என்பது இடஒதுக்கீடு வரை இன்றும் கணக்கில் வருகிறது. குடும்பம் தன் கதையைத் தானே தேடாவிட்டால் அலுவலகம் எழுதியதே கதையாகும். 1970களில் இளைஞராகக் கச்சாலில் இறங்கியவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டியோ தாண்டியோ வயது. ஆவணக் காப்பகம் காத்திருக்கும். அதனால் முதலில் அவர்களிடம் போய் தோட்டம், லயம், கங்காணி, இறங்கிய துறை நான்கையும் கேட்டு, அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.