ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்: கிலோவுக்கு 355 ரூபாய் லாபமா, 47 ரூபாய் நஷ்டமா?



"நீலகிரியில இருக்கோம். வீட்டுலயே காரமெல் நட் சாக்லேட் பண்ணி வித்தா கட்டுப்படியாகுமா?" வீட்டுத் தொழில் பத்திப் பேசினாலே வர்ற கேள்வி இது. ஊட்டி கமர்ஷியல் ரோட்டுல நடந்தா ஏன் இந்த ஆசை வருதுன்னு புரியும். கண்ணாடிப் பெட்டி நிறைய சாக்லேட், முன்னாடி டூரிஸ்ட் கூட்டம். கிங் ஸ்டார் மாதிரி கடைகள் 1942-லிருந்தே அங்க மிட்டாய் வியாபாரம் பண்றாங்க.

இன்னொரு பக்கம், பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கேட்டு 2023-ல சிறு விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தாங்க. இலை விலையை மட்டும் நம்பி இருக்கிற வீட்டுக்கு ரெண்டாவது வருமானம் ரொம்ப அவசியம். அதனால கடன் வாங்கறதுக்கு முன்னாடி, நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி, கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம், வாங்க.

முதல்ல ஒரு உண்மை: கோகோ ஊட்டியில விளையறதில்லை

கோகோ மரத்துக்கு வெப்பமும் ஈரமும் வேணும். நம்ம மாநிலத்துல அது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா வளருது. அப்போ ஊட்டிக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம்? குளிர்தான். கோகோ பட்டர் சுமார் 34 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். ஊட்டியில சாக்லேட்டை அச்சுல ஊத்தி மேஜை மேல வெச்சாலே கெட்டியாயிடும். ஏ.சி. ரூம் தேவையில்லை. இந்தச் செலவு மிச்சம் ஆகறதுதான் மலைக்காரங்களுக்கு இருக்கிற பெரிய சாதகம்.

இன்னொரு விஷயம். ஹோம்மேட்னு விக்கறதுல பெரும்பகுதி காம்பவுண்ட் கட்டியை உருக்கிச் செய்யறதுதான். காம்பவுண்ட்ல கோகோ பட்டருக்குப் பதிலா தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, டெம்பரிங்னு சொல்ற சூடு ஏத்தி இறக்கற வேலையும் இல்லை. இதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா லேபிள்ல உள்ளதை உள்ளபடி போடணும். 'ப்யூர் சாக்லேட்'னு எழுதிட்டு காம்பவுண்ட் விக்கக் கூடாது.

யூடியூப் ரெசிபி மலையில ஏன் சொதப்புது?

காரமெல் நட் சாக்லேட்டுல மூணு பகுதி இருக்கு: வறுத்த நட்ஸ், காரமெல், மேல பூசற சாக்லேட். சர்க்கரையைக் காய்ச்சிப் பருப்பைப் போடறது நமக்குப் புதுசு இல்லை. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாயில வெல்லப்பாகு, இங்க சர்க்கரையோட வெண்ணெய், க்ரீம். அவ்வளவுதான்.

சர்க்கரையைத் தேன் நிறம் வர்ற வரைக்கும் உருக்கி, சூடான க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, வெண்ணெய் போட்டுக் காய்ச்சணும். சமவெளிக்கு எழுதின ரெசிபியில "118 டிகிரி வந்ததும் இறக்குங்க"ன்னு இருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்க தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 92-93-லயே கொதிச்சிடும். அதனால காரமெல்ல இருக்கிற தண்ணியும் சீக்கிரமே வத்திடும். 118 வரைக்கும் காத்திருந்தா பல்லு உடையற மாதிரி கெட்டியாயிடும்.

கணக்கு சிம்பிள்: 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 டிகிரி குறைச்சுக்கோங்க. ஊட்டியில 111 டிகிரி கிட்டயும், குன்னூர்ல 112 கிட்டயும் இறக்கணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா பாட்டி கால பாகு பதம் பார்க்கறதுதான் வழி. ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணியில விட்டா உருண்டையா நிக்கணும், விரலால அழுத்தினா அமுங்கணும்.

காரமெல் நல்லா ஆறின பிறகுதான் சாக்லேட்ல முக்கணும். காம்பவுண்டை வெந்நீர் பாத்திரத்து மேல வெச்சு உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் திரிஞ்சு கட்டியாயிடும். மழை, மூடுபனி நாள்ல அச்சைத் துணியால துடைச்சுட்டு ஊத்துங்க. ஒரு தட்டு கெட்டா அந்தப் பணம் உங்க பாக்கெட்லருந்துதான் போகும். அதனாலதான் கணக்குக்கு முன்னாடி இதைச் சொல்றேன்.

இப்போ கணக்கு: 1 கிலோ முந்திரி காரமெல் சாக்லேட்

இது உதாரணக் கணக்கு. உங்க ஊர் கடை விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

- காம்பவுண்ட் 500 கிராம் (கிலோ 400 ரூபாய்): 200 ரூபாய்
- முந்திரி 200 கிராம் (கிலோ 900 ரூபாய்): 180 ரூபாய்
- காரமெலுக்குச் சர்க்கரை, வெண்ணெய், க்ரீம்: 65 ரூபாய்

மூலப்பொருள் மொத்தம் 445 ரூபாய். கிலோ 800 ரூபாய்க்கு வித்தா 355 ரூபாய் லாபம்! பலரும் இங்கயே கால்குலேட்டரை மூடிடறாங்க. மூடாதீங்க.

- கலர் பேப்பர், அட்டைப் பெட்டி, லேபிள்: 40 ரூபாய்
- கேஸ், கரண்ட்: 20 ரூபாய்
- சேதாரம் (மூலப்பொருள்ல 5 சதவீதம்): 22 ரூபாய்
- உங்க கூலி, ஒண்ணரை மணி நேரம் (மணிக்கு 80 ரூபாய்): 120 ரூபாய்

இப்போ மொத்த அடக்கம் 647 ரூபாய். டூரிஸ்ட் கையில நேரடியா 800 ரூபாய்க்குக் கொடுத்தா லாபம் 153 ரூபாய். கடைக்குப் போட்டா? கடைக்காரர் 25 சதவீத மார்ஜின் கேட்டா அவருக்கு 200 போயிடும், உங்க கைக்கு 600. அதாவது 47 ரூபாய் நஷ்டம்.

அதே சாக்லேட், அதே 800 ரூபாய் விலைதான். 355 லாபம்னு நினைச்சது 47 நஷ்டமா மாறிடுச்சு. "நஷ்டம் எங்க? கையில காசு வருதே"ன்னு தோணும். வருது, ஆனா அது உங்க உழைப்புக்கான கூலியில பிடிச்சது போக மிச்சம். 120 ரூபாய் வேலைக்கு 73 ரூபாய் வாங்கிட்டு அதை லாபம்னு சொல்றோம். வீட்டுத் தொழில்ல பெண்களோட நேரத்துக்கு விலை போடாம விடறதுதான் பெரிய ஓட்டை.

முந்திரிக்குப் பதிலா வறுத்த நிலக்கடலை போட்டா? கிலோ 160 ரூபாய்னு வெச்சா 200 கிராம் வெறும் 32 ரூபாய். சேதாரமும் குறைஞ்சு அடக்கம் 492-க்கு வந்துடும். விலையை 700 ஆக்கிக் கடைக்குப் போட்டாலும் 525 கிடைக்கும். கூலி போக 33 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனா நஷ்டம் இல்லை. அதனால கடைக்குக் கடலை, நேரடி விற்பனைக்கு முந்திரின்னு பிரிச்சுக்கலாம்.

வருஷம் முழுக்க சீசன் இல்லை

ஏப்ரல், மே கோடை சீசன். மலர்க் கண்காட்சியும் அப்போதான். செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது சீசன். நடுவுல மழை. மே மாசம் 40 கிலோ நேரடியா வித்தா, 153 லாபமும் 120 கூலியும் சேர்த்து கையில 10,920 ரூபாய். ஜூலையில 8 கிலோதான் போச்சுன்னா 2,184 ரூபாய். மே மாச வருமானத்தைப் பார்த்து 12 மாசத்துக்கு இ.எம்.ஐ. எடுத்தா, ஜூலையில மாட்டிப்பீங்க.

கூட்டமும் நம்ம கையில இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசன்ல வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வெச்சாங்க.

மூலப்பொருள் விலையும் அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்காவுல மழையும் நோயும் கோகோ விளைச்சலைக் கெடுத்ததால, 2024 டிசம்பர்ல உலகச் சந்தையில கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டுச்சு. அடுத்த வருஷக் கடைசியில கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடுச்சு. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை அடக்க விலையைத் திரும்பப் போடுங்க. க்ரீம் போட்ட காரமெல் வாரக்கணக்குலதான் தாங்கும்ங்கறதால, மழைக்காலத்துல ஸ்டாக் சேர்க்காதீங்க. காரமெல் இல்லாத வெறும் நட் சாக்லேட் அதைவிட நாள் தாங்கும்.

பேப்பர் வேலை: எது கட்டாயம்?

- எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு: வீட்டுல செஞ்சாலும் கட்டாயம். சின்ன அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம். பல வருஷமா 12 லட்சம் விற்றுமுதல்தான் இதுக்கு வரம்பா இருந்தது. விதிகள் அப்பப்போ மாறும், விண்ணப்பிக்கும்போது ஃபாஸ்காஸ் தளத்துல பாருங்க.
- லேபிள்: பொருள் பட்டியல், நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் வேணும். நட்ஸ், பால் இருக்குன்னு ஒவ்வாமை எச்சரிக்கை முக்கியம்.
- ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வித்தா 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. ஆனா பெங்களூருக்கு ஒரு பெட்டி கூரியர்ல வித்தாலும் வெளிமாநில விற்பனை, அதுக்குப் பதிவு வேணும். இது பலருக்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 22-லிருந்து சாக்லேட்டுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சது. காம்பவுண்ட் கட்டிக்கும் அது பொருந்தும். பதிவு இல்லாதவங்க கட்டின வரியைத் திரும்ப எடுக்க முடியாதுங்கறதால, இந்தக் குறைப்பு நேரா உங்க அடக்கத்துல தெரியணும். பழைய பில்லையும் புது பில்லையும் ஒப்பிட்டுப் பாருங்க.

கடன் எப்போ வாங்கலாம்?

முதல் மூணு மாசம் வேண்டாம். வீட்டு அடுப்பு, ரெண்டு மூணு அச்சு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு டிஜிட்டல் தராசு, இது போதும். நோட்டுல மூணே மூணு எழுதுங்க: எத்தனை கிலோ போச்சு, நேரடியா எவ்வளவு, கடைக்கு எவ்வளவு. நேரடி விற்பனை பாதிக்கு மேல இருந்து, அதுல ஒரு மழை மாசமும் தாண்டியிருந்தா, அப்புறம் உருக்கற மெஷின் பத்தி யோசிக்கலாம். நகைக்கடனுக்குப் போகாதீங்க. முத்ரா சிஷு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் பிணையில்லாம கிடைக்கும். பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்துல குறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு 2020-ல கொண்டு வந்தாங்க. இப்போ விண்ணப்பம் வாங்கறாங்களான்னு வங்கியில கேட்டுக்கோங்க.

தங்கும் விடுதி, ஹோம்ஸ்டே, டீ ஃபேக்டரி வாசல் கடைன்னு நேரடியா விக்கற இடம் ஒண்ணு ரெண்டு கையில இருந்தா இந்தத் தொழில்ல தைரியமா இறங்கலாம். இல்லைன்னா முதல்ல அந்த இடத்தைப் பிடிங்க, அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க.

உங்க ஊர் விலையில 1 கிலோ அடக்கம் எவ்வளவு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஹோம்மேட் சாக்லேட் ஆரம்பிக்க நினைக்கிற தோழிக்கு இந்தப் பதிவை இன்னைக்கே அனுப்புங்க.