‘ப்ரோ, ஒரு டவுட்!’

2017 ஜனவரி 31, இரவு. மென்பொருள் குழுக்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதாகிக் கிடந்த துணை டேட்டாபேஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதன் கோப்புறையைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அழிக்கும் கட்டளையைக் கொடுத்த ஓரிரு நொடியில் அவருக்கு உறைத்தது: அது துணை சர்வர் அல்ல, முதன்மை சர்வர். சட்டென நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. பேக்கப் எடுக்கும் நிரல், டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்துப்போகாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, சோதனை வேலைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி.

அந்தக் குழுவினர் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் அல்லர். பல நாடுகளில், அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். ஓடிப்போய்த் தோளைத் தட்ட ஆளில்லை. அவர்கள் ஒரு கூகுள் டாக்ஸ் பக்கத்தைத் திறந்து, என்ன நடந்தது, யார் எதைப் பார்க்கிறார்கள், எது பலிக்கவில்லை என்று வரிக்கு வரி எழுதினார்கள். உலகமே படிக்கும்படி அதைத் திறந்தும் வைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாக ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். சேவை திரும்ப சுமார் 18 மணி நேரம் ஆனது. சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகளின் பதிவுகள் திரும்பவில்லை. பிறகு வெளியிட்ட விளக்க அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. அறிக்கை முழுக்க, நடைமுறையில் எங்கெங்கே ஓட்டை என்பதைத்தான் தேடியது.

அந்த இரவில் அவர்கள் சிதறிப்போகாததற்குக் காரணம், எழுதுவது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்ததுதான் என்று நினைக்கிறேன். கிட்லேப்பின் கையேட்டை இணையத்தில் எவரும் படிக்கலாம்; அது 2,000 பக்கங்களைத் தாண்டியது. விடுமுறை எடுப்பதிலிருந்து எந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்பதுவரை அதில் உண்டு. என்ன பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதாத மீட்டிங்குக்கு வரத் தேவையில்லை என்பதும் அங்கே ஒரு வழக்கம்.

நம்மில் பலர் 2020 ஊரடங்கில் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். அலுவலகத்தை அப்படியே தூக்கி ஸ்கிரீனுக்குள் வைத்தோம். முன்பு பக்கத்து இருக்கைக்குத் திரும்பி 2 நிமிடத்தில் முடித்த பேச்சுக்கெல்லாம் அரை மணி நேர ஜூம் கால். நாள் முழுக்க ஜூம் காலில் இருந்துவிட்டு, நிஜமான வேலையை இரவு 9 மணிக்குத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் களைப்பைச் சோம்பல் என்று சொன்ன மேனேஜர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சென்னையில் காலை 10 மணி என்றால், சான் ஃபிரான்சிஸ்கோவில் முந்தின நாள் இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. அந்த நேரத்தில் ஒரு ஜூனியர், ‘ப்ரோ, ஒரு டவுட்’ என்று மட்டும் சாட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அங்கே இருப்பவர் தூங்கி எழுந்து, ‘சொல்லுங்க’ என்று பதில் போடும்போது இங்கே இரவாகிவிடும். ஒரு நாள் போச்சு. அதையே, ‘பேமென்ட் பக்கம் ஆண்ட்ராய்டில் மட்டும் தொங்குது. நேற்றைய பில்டுக்குப் பிறகுதான். கேஷை அழிச்சுப் பார்த்தேன், மாறல. லாக் கீழே இருக்கு. உங்க பதில் வரும்வரை லாகின் வேலையைப் பார்க்கறேன்’ என்று எழுதியிருந்தால், மறுநாள் காலை விடையோடு விடிந்திருக்கும். பாதி நேரம், இப்படி எழுதும்போதே விடை கிடைத்துவிடுவதும் உண்டு.

ஆனால் எழுத்து எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2020-ன் முதல் ஆறு மாதங்களில் மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்த கட்டுரை 2022-ல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்தது. வீட்டிலிருந்து வேலை என்றானதும், வேறு குழுவினரோடு சேர்ந்து செலவிடும் நேரத்தின் பங்கு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. சொந்தக் குழுவுக்குள் நெருக்கம் கூடியது. அடுத்த குழு அந்நியமானது. டிசைனர் ஒரு பக்கம், டெஸ்டர் ஒரு பக்கம், வாடிக்கையாளரின் புலம்பலைக் கேட்பவர் இன்னொரு பக்கம் என்று பிரிந்துகிடந்தால் ப்ராடக்ட் எப்படி உருப்படும்? வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக், எந்தப் பதவிக்கு வந்தவரையும் முதலில் சில வாரம் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் உட்காரவைக்கும் பழக்கம் உடையது. உலகமெங்கும் பரவிய ஊழியர்களை வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூட்டியும் வந்தது. அலுவலக வாடகையில் மிச்சமானதை விமான டிக்கெட்டில் போடுவது நல்ல கணக்குதான்.

ஜோஹோ எடுத்த வழி வேறு. 2011-ல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் உதவிக்கான மென்பொருளான ஜோஹோ டெஸ்க் அங்கேதான் உருவானது. தலைமையகத்தின் ஒரு துண்டாக இல்லாமல், ஒரு ப்ராடக்டைச் செய்யும் குழுவே ஓரிடத்தில் இருப்பது இதன் பலம்.

எனக்கு அதிகக் கவலை, வேலைக்குப் புதிதாக வந்தவர்களைப் பற்றித்தான். சீனியர் ஒரு பிழையைப் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தே பாதித் தொழிலைக் கற்றவர்கள் நாம். லேப்டாப் கூரியரில் வந்து, டீமில் ஒருவரையும் நேரில் பார்க்காமல் ஊரில் மாடியறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ‘இதைக்கூடக் கேட்கலாமா’ என்று அவள் சாட்டில் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருப்பாள். அவளுக்கு இன்னொரு பயிற்சி வீடியோ வேண்டாம். சீனியர் தினமும் முக்கால் மணி நேரம் தன் ஸ்கிரீனைப் பகிர்ந்து, தன் வேலையையே வாய்விட்டுச் சொல்லிச் செய்யட்டும். தடுமாறும் இடத்தில் தடுமாறட்டும், கூகுளில் தேடட்டும், ‘அடடா, தப்பான ஃபைல்’ என்று சொல்லட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.