சயாமுக்குப் போனவர்களைத் திரையில் தேடினேன்

பாசிர் பெனம்பாங்கில் குடியிருக்கிறேன். ஆற்றைத் தாண்டி கோல சிலாங்கூர் நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. மாதக் கடைசி வந்துவிட்டால் தலை நிமிர நேரமிருக்காது. வாசிக்கக் கிடைப்பது மதிய உணவு வேளையில் அரை மணி நேரம். தொலைக்காட்சி பார்ப்பது ஞாயிறு இரவு, அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஞாயிறு பகலில் கடல் உணவு சாப்பிட வருகிறவர்களின் கார்கள் எங்கள் கம்பத்துச் சாலையை அடைத்துக்கொள்ளும். வெளியே கிளம்புவதைவிட வீட்டில் உட்கார்ந்திருப்பதே நிம்மதி.

இப்படிக் கிடைத்த துண்டு துண்டான நேரத்தில், அண்மையில் ஒரு பழைய ஆங்கிலப் படம், ஒரு புதிய ஆஸ்திரேலியத் தொடர், ஒரு தமிழ் நாவல் என்று மூன்றை முடித்தேன். மூன்றும் ஒரே ரயில் பாதையைப் பற்றியவை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் மரண ரயில்.

முதலில் படம். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. போர்க் கைதிகள் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வரும் காட்சியைப் பார்க்காதவர்கள்கூட அந்த மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சொல்லும் கதை பெரும்பாலும் கற்பனை. படத்தில் கமாண்டோக்கள் வெடி வைத்துப் பாலத்தைத் தகர்க்கிறார்கள். உண்மையில் அதைச் சேதப்படுத்தியவை நேச நாடுகளின் விமானங்கள். அந்தப் பாலம் அப்போது குவாய் நதியின் மேலும் இல்லை, மே குளோங் நதியின் மேல் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்து தேடியதால், 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே தாய்லாந்தில் பெயரை மாற்றிவிட்டார்கள்!

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படம் ஓடும் இரண்டே முக்கால் மணி நேரமும் நான் தேடியது ஒரு முகத்தை. மலாயாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளி ஒருவரின் கதை அதில் எங்குமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில்.

அந்தப் பாதையில் வேலை செய்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்தை ஒட்டி இருப்பார்கள் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி ஏற்றிப் போனதாகவும் உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே காலரா பரவியபோது போர்க் கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதித்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். நம்மவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளர்களே. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

பிறகு ஆஸ்திரேலியத் தொடர். ரிச்சர்ட் பிளானகன் எழுதி 2014இல் புக்கர் பரிசு பெற்ற நாவலைத் தழுவி, 2025இல் ஐந்து பகுதிகளாக வந்தது. பெரியவர்களுக்கான தொடர். பள்ளி மாணவர்கள் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். பிளானகனின் தந்தை அந்தப் பாதையில் உழைத்த கைதி. நாவலை எழுதி முடித்துவிட்டதாக மகன் சொன்ன அன்றே அவர் இறந்துபோனார். கைதிகள் ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், ஊர் திரும்பி நூல்கள் வெளியிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எழுதினார்கள். அதனால்தான் எண்பது ஆண்டு கழித்தும் அவர்கள் கதை திரைக்கு வருகிறது. நம்மவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. உயிரோடு திரும்பியவர்கள் மறுபடியும் பால்மரம் சீவப் போய்விட்டார்கள்.

தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வந்தது 1993இல். பாதை முடிந்து சரியாக ஐம்பது ஆண்டு! பிடித்துப் போகப்பட்ட தந்தையைத் தேடி மகன் ஒருவன் தானாகவே சயாமுக்குப் போகும் கதை. சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நாளுக்குப் பத்துப் பக்கம் என்று படித்தேன். மொழி எளிமையானது, படிவம் மூன்று மாணவர் தடுமாறாமல் படிக்கலாம். சில இடங்களில் காதல் கதை கொஞ்சம் நீளுகிறது என்பது என் குறை. ஆனால் படத்திலும் தொடரிலும் நான் தேடிய முகங்கள் இங்கேதான் கிடைத்தன. லயத்து வீட்டில் பேசும் பேச்சை அந்தக் காட்டிலும் பேசுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் தூரமில்லை. 1942 ஜனவரித் தொடக்கத்தில் கோல சிலாங்கூர்க் கடலோரத்துக்கே ஜப்பானியப் படகுகள் வந்தன. என் பாட்டியின் அண்ணன் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர். 'சயாமுக்குப் போனாரு' என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள், ஏதோ சந்தைக்குப் போனதைப் போல. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையன்று அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவது பாட்டியின் வழக்கம். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை, லயங்கள் இல்லை. 1943இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும்.

அடுத்து அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலை எடுத்து வைத்திருக்கிறேன். அதுவும் இதே பாதையைப் பற்றியதுதான். அதைத் தொடங்கும் முன், போன வாரம் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தேன். பாட்டி சொல்லக் கேட்டதை வைத்து, அதே லயத்திலிருந்து போன நான்கு பேரைச் சொன்னார். இரண்டு பேருக்கு முழுப் பெயர் இருக்கிறது. மூன்றாமவர் மண்டோரின் மருமகன். நான்காமவரை 'சின்னவர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.