ஸ்ப்ரூஸ் தெருவில் ஒரு வாணலி

பிலடெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்க்ளின் முன்னின்று தோற்றுவித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் ஸ்ப்ரூஸ் தெருவில், நண்பகல் வகுப்புகள் கலைந்ததும், வைத்திய மாணவரும் சட்ட மாணவரும் ஆஸ்பத்திரித் தாதியரும் கட்டட வேலைக்காரரும் அந்தஸ்து பேதமின்றி வரிசை கட்டி நிற்பது, பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய சீன உணவு வண்டிகளின் முன்னால்தான். இத்தகைய வண்டியைப் பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். மனைவி ஜன்னலில் நின்று பணம் வாங்கியபடியே, மாணவன் நீட்டி முழக்கிக் கேட்டதைச் சீன மொழியில் இரண்டே சொல்லாகச் சுருக்கி உள்ளே வீசுவாள். கணவன் திரும்பியும் பாரான்.

அவன் கண் முழுதும் வாணலியில். குழிந்த இரும்பு வாணலி புகையத் தொடங்கிய பிறகே எண்ணெய் விழுகிறது. எண்ணெய் சுழன்று பரவியதும் முட்டை. அது நுரைத்துப் பொங்கி ஓரம் சிவப்பதற்குள் சோறு வந்து அதை மூடிவிடுகிறது. அந்தச் சோறு முன்தினம் வடித்து ஆறவைத்தது. சுடுசோற்றில் ஈரமும் பசையும் மிகுதியாதலால் அது வாணலியில் களியாகிவிடும். ஆறிய சோற்றிலோ மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை பருக்கையாக உதிர்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணெயும் அனலும் பெறுகிறது. வாணலியைத் தூக்கி உலுக்கும்போது உண்டாகும் அந்தப் புகை கலந்த மணத்தைக் கான்டன் பிரதேசத்தார் 'வோக் ஹே', அதாவது வாணலியின் மூச்சு, என்பார்கள். வீட்டு அடுப்பின் மெல்லிய சுடரில் அது எளிதில் கிட்டாது. புரோப்பேன் வாயுவால் சீறும் அடுப்பு வேண்டும்.

இடமில்லாத வண்டிக்குள் சீனச் சமையல் எப்படியோ ஒடுங்கிக் கொண்டது என்று அனுதாபப்படுவோர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. விறகு அருமையாயிருந்த நிலையில், இறைச்சியையும் கறிகாய்களையும் விரலளவாக நறுக்கிக் கொண்டு, கடுந்தீயில் க்ஷணப்பொழுதில் வதக்கி இறக்கும் முறை சீனாவில் வேரூன்றியது என்று உணவு வரலாறு எழுதுவோர் பலர் காரணம் கூறுவர். காலையெல்லாம் கத்திக்கு வேலை, தீக்கு இரண்டே நிமிஷம். கணப்படுப்பு வேண்டாம், பாத்திர வரிசை வேண்டாம், ஒரு வாணலியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து அடுத்த உணவுக்கு வைத்துக் கொள்ளலாம். இப்படிப்பட்ட சமையலுக்கு வண்டியைக் காட்டிலும் பொருத்தமான சமையற்கட்டு வேறெங்கே கிடைக்கும்?

சீனர் அமெரிக்காவில் கரண்டி பிடித்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த அமெரிக்கா, வணிகருக்கு மட்டும் வழி விட்டிருந்தது. 1915இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவு விடுதி நடத்துவோரையும் வணிகராகக் கருத இடந்தர, விடுதிகள் பெருகின. 1943இல் தடை நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேரே அனுமதிக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே கதவு அகலத் திறந்தது. கடை வாடகைக்கு வகையில்லாதவனுக்கு வண்டி உதவிற்று. அதற்கும் சோதனை வராமலில்லை: 1998இல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் நகரசபை, வண்டிகள் நிற்கக்கூடிய இடங்களைச் சட்டமியற்றிக் குறுக்கியது. மலிவாகச் சாப்பிட்டுப் பழகிய மாணவரும் ஆசிரியருமே வண்டிக்காரருக்காக வாதாடினார்கள் என்பது சுவையான விஷயம்.

உணவுப் பட்டியலைப் பார்த்துச் சீனாவை அறிந்ததாக எண்ணிவிடக் கூடாது. 'ஜெனரல் ஸோ கோழி'யை ஆக்கியவர், ஹூனானில் பிறந்து தைவானில் குடியேறிய பெங் சாங்-குவே என்ற சமையற்காரர். அதில் இத்தனை சர்க்கரை சேர்ந்தது அமெரிக்காவில். 1885இல் காலமான தளபதி ஸோ அதை ருசி பார்த்திருக்க நியாயமேயில்லை.

உணவைக் கட்டித் தரும், கம்பிக் கைப்பிடி போட்ட வெள்ளைக் காகிதப் பெட்டியின் கதையும் இதுபோன்றதே. 1894இல் சிகாகோவில் ஒருவர் உரிமைப் பட்டயம் பெற்ற அந்தப் பெட்டி, சிப்பி இறைச்சி எடுத்துச் செல்ல உண்டானது. ஒரே தாளை ஒட்டாமல் மடித்துச் செய்ததாகையால் குழம்பு ஒழுகாது. கம்பியைக் கழற்றி மடிப்புகளைப் பிரித்தால் தட்டாகவே விரிந்துவிடும். அவ்வாறு விரித்து, நூலகப் படிக்கட்டில் அமர்ந்து, அடுத்த வகுப்புக்கு மீந்திருக்கும் கால் மணி நேரத்தில், குச்சிகளைக் கையாளத் தெரியாத மாணவன் பிளாஸ்டிக் கரண்டியால் சோற்றை அள்ளுகிறான்.